டெர்பிஷயர் பக்கம் பழைய மாளிகை, தோட்டம்: அப்பா அம்மாவ எங்க கூட்டிட்டுப் போலாம்?

கோவைக்காரி_நாட்டிங்காம்:

வணக்கங்க எல்லாருக்கும். ஜூன் மாசம் எங்கப்பா அம்மா கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க, நாங்க இருக்கறது நாட்டிங்காம்ல. போன தடவ வந்தப்ப லண்டன், விண்ட்சர், ஆக்ஸ்ஃபோர்டுன்னு சுத்திக் காட்டியாச்சு, கூட்டத்துல நின்னு நின்னு அம்மாவுக்கு காலெல்லாம் வீங்கிப் போச்சு, அதனால இந்த தடவ டவுன் பக்கமே போகாம கிராமத்துப் பக்கமா பழைய மாளிகை, தோட்டம் இதெல்லாம் நிதானமா காட்டலாம்னு இருக்கோம். கார் இருக்கு, ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஓட்டறதுல பிரச்சனை இல்லீங்க.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, எங்க கூட்டிட்டுப் போனாலும் இதுக்குத் தண்ணி எங்கிருந்து வருது, இத யாரு எப்படித் தூக்கி வச்சாங்கன்னு தான் முதல்ல கேப்பாரு. அம்மாவுக்கு செடி கொடின்னா உயிரு, மாடியில தொட்டி வச்சு வளக்காத செடி கிடையாது. ஆனா முழங்கால் வலி, நெறைய படி ஏற முடியாது. ரெண்டு பேருமே சைவம்.

எல்லாரும் சாட்ஸ்வொர்த் மாளிகை, சாட்ஸ்வொர்த் மாளிகைன்னு சொல்றாங்க, டிக்கெட் விலையப் பாத்தா நாலு பேருக்குச் சேத்தா தல சுத்துது. அதுக்குப் பதிலா பழைய மாளிகை, தோட்டமெல்லாம் பராமரிக்கற நேஷனல் டிரஸ்ட்ல மெம்பர்ஷிப் எடுத்துட்டு வேற நாலஞ்சு இடம் போறது நல்லதா? எனக்கு இருக்கற பெரிய பயம் என்னன்னா எல்லா வீட்லயும் அதே தங்க முலாம், அதே ஆயில் பெயிண்டிங், அதே கயிறு கட்டி வச்ச கட்டில்னு ரெண்டாவது வீட்லயே அவங்களுக்கு சலிச்சுப் போயிடுமோன்னு தான். பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பேக்வெல்_பக்கத்துல:

வாங்கம்மா. நான் இந்தப் பக்கமே ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த வீடுங்க மேல எனக்கு ஒரு பைத்தியமே உண்டு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்குங்க. முதல் விஷயம், ஒரு நாளைக்கு ஒரு வீடு தான். காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு போட்டீங்கன்னா நீங்க பயப்படற சலிப்பு கண்டிப்பா வரும். இரண்டாவது, வீட்டப் பேர் பாத்து எடுக்காதீங்க, ஒவ்வொரு வீட்லயும் வேற எங்கயும் இல்லாத ஒரு விஷயம் இருக்கும், அதப் பாத்து எடுங்க.

உங்களுக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது ஹார்ட்விக் ஹால், எம்1 ரோட்ல போறப்பவே மலை மேல தெரியும். 1590ல ஆரம்பிச்சு 1597ல முடிச்சது. கட்டினது ஒரு பொம்பள, பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னு சொல்லுவாங்க, சாதாரண நிலக்காரக் குடும்பத்துல பொறந்து நாலு கல்யாணம் பண்ணி ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொத்து சேந்து கடைசில அப்ப ராணியா இருந்த முதலாம் எலிசபெத்துக்கு அடுத்தபடியா நாட்டுலயே பணக்காரின்னு பேர் வாங்கினவங்க. கோபுரம் ஆறு, அதோட உச்சில எல்லாம் இ, எஸ்னு எலிசபெத் ஷ்ரூஸ்பரிங்கற தன்னோட பேர் எழுத்தக் கல்லுலயே செதுக்கி நிக்க வச்சிருக்காங்க, கீழ இருந்து பாத்தா வானத்துக்கு எதிர தெரியும். சுவரை விடக் கண்ணாடி தான் ஜாஸ்தின்னு அந்த வீட்டப் பத்தி ஒரு சொலவடையே உண்டு. கண்ணாடி அவ்வளவு விலையா இருந்த காலத்துல இது. அப்பாகிட்ட சொல்லுங்க, வெளிச்சுவர் முழுக்க ஜன்னல் வேணும்ங்கறதுக்காக புகைக்கூண்டெல்லாம் உள்பக்கம் நடுச்சுவருக்குள்ள கொண்டு போயிட்டாங்க, பிளான் போட்டவர் ராபர்ட் ஸ்மித்சன்.

மேல லாங் கேலரில ஒரு விஷயம் பாக்கணும். பைபிள்ல வர்ற கிதியோன் கதைய நெசவு பண்ணின 13 பெரிய திரைச்சீலைங்க தொங்கும். பெஸ் அத 1592ல செகண்ட் ஹேண்டா வாங்கினாங்க, கிறிஸ்டோபர் ஹாட்டன்னு ஒரு பெரிய அதிகாரி செத்தப்புறம் அவர் சொத்துல இருந்து. சீலைல அவரோட குடும்பச் சின்னம் நெய்திருக்கு, அத மறைக்க எனக்குச் செலவு ஆகும்னு பேரம் பேசி 5 பவுண்டு குறைச்சிட்டு, அப்புறம் தன்னோட சின்னத்தத் துணில வரைஞ்சு அது மேலயே ஒட்டுத் தச்சிட்டாங்க. இன்னைக்கும் கிட்டப் போய்ப் பாத்தா அந்த ஒட்டு தெரியும். இந்த 13ஐயும் ஒவ்வொண்ணா எறக்கி சுத்தம் பண்ணி இழை இழையாத் தச்சு மறுபடி மாட்டற வேலை 24 வருஷம் நடந்து 2023ல தான் முடிஞ்சது. மில்லுல இருந்தவருக்கு இது பிடிக்கலன்னா வேற எதுவும் பிடிக்காது. உள்ள வெளிச்சம் கம்மியா வச்சிருப்பாங்க, துணி வெளுத்துப் போகக் கூடாதுன்னு, கண்ணு பழக ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

படி தான் அம்மாவுக்குக் கஷ்டம். முக்கியமான ரூமெல்லாம் மாடில, அகலமான கல் படி, சுத்திச் சுத்தி ஏறணும். அம்மா கீழ இருக்கற மூலிகைத் தோட்டத்துலயும் பழத்தோட்டத்துலயும் இருக்கட்டும், நீங்களும் அப்பாவும் மேல போய்ட்டு வாங்க.

சாட்ஸ்வொர்த் பத்திக் கேட்டீங்க, எனக்கு அதுவும் உசிரு தான், ஆனா முதல் தடவ வர்றவங்களுக்கு நான் வீட்டுக்குள்ள போற டிக்கெட் எடுக்கச் சொல்ல மாட்டேன், தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் இருக்கு அது போதும். சுத்தி இருக்கற பார்க்ல நடக்கறதுக்கு டிக்கெட்டே வேண்டாம்.

லெஸ்டர்_யாழ்:

தங்கச்சி, மேல எழுதினவர் சொன்னது சரி. நான் மெம்பர்ஷிப் பற்றி மட்டும் சொல்லுறன். நீங்கள் இருக்கிற இடத்துக்கு நேஷனல் டிரஸ்ட் கார்டு எடுத்தால் நட்டம் வராது, ஏனெண்டால் ஹார்ட்விக், கேல்க் அபி, கெடில்ஸ்டன், கிளம்பர் பார்க், சவுத்வெல் வேர்க்ஹவுஸ் எல்லாம் அதுக்குள்ள வரும், கார் பார்க்கிங் காசும் இல்லை. ஆனால் சாட்ஸ்வொர்த்தும் ஹாடன் ஹாலும் இப்பவும் அந்தந்தக் குடும்பத்துக்காரர் இருக்கிற இடம், அங்க இந்தக் கார்டு செல்லாது, அதை விளங்கி வைச்சுக்கொள்ளுங்கோ. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் எண்டது வேற நிறுவனம், அவையின்ர கையில கூடுதலா இடிஞ்ச கோட்டை, மடம், பழைய சுவர் இப்பிடித்தான், ஹார்ட்விக்கில புது ஹாலுக்குப் பக்கத்தில நிக்கிற கூரையில்லாத பழைய ஹால் அவையின்ர பொறுப்பு.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், டீ ரூமில சூப், சீஸ் ஸ்கோன், வேகவைச்ச உருளைக்கிழங்கு கட்டாயம் இருக்கும். ஆனால் வயசானவைக்கு ரெண்டு நாள் அது இறங்கும், மூண்டாம் நாள் சோறு தேடுவினம். பார்க்குக்குள்ள புல்லில விரிச்சு இருந்து சாப்பிட ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம், நாங்கள் புளிச்சாதமும் கத்தரிக்காய் பொரியலும் கட்டிக்கொண்டு தான் வெளிக்கிடுறது.

அம்மாவுக்குத் தோட்டம் எண்டால் உயிர் எண்டு எழுதியிருக்கிறியள். அவவுக்கு நான் பெரிய மாளிகைத் தோட்டத்தை விட வேற ஒண்டு சொல்லுவன். நேஷனல் கார்டன் ஸ்கீம் எண்டு இருக்கு, 1927இல தொடங்கினது. கிராமங்களில வந்து வீட்டில நோயாளிகளைப் பார்க்கிற நேர்ஸ்மாருக்குக் காசு சேர்க்கிறதுக்காக, தோட்டம் வைச்சிருக்கிறவையை ஒரு நாளைக்கு கேற்றைத் திறந்து விடச் சொல்லிக் கேட்டவை, ஆளுக்கு ஒரு ஷில்லிங். முதல் வருசமே 609 தோட்டம் திறந்து 8,000 பவுண்டுக்கு மேல சேர்ந்தது. இப்பவும் ஒவ்வொரு வருசமும் நடக்குது. மஞ்சள் போஸ்டர் ரோட்டோரத்தில கட்டியிருக்கும். ஜூன் மாசம் தான் இதுக்குச் சரியான காலம், சனி ஞாயிறில உங்கட பக்கம் எத்தினை வீடு திறந்திருக்கு எண்டு அவையின்ர வெப்சைட்டில போஸ்ட்கோட் போட்டால் வரும்.

இதில என்ன விசேசம் எண்டால், அந்தத் தோட்டத்தை வளர்த்த ஆளே அங்க நிப்பார். அம்மா ஒரு ரோசாவுக்கு முன்னால நிண்டு இது என்ன பூச்சி, எப்ப கவ்வாத்து பண்ணுறது எண்டு கேட்டால் அவர் அரை மணித்தியாலம் சொல்லித் தருவார், கேக்கும் தேத்தண்ணியும் அவையே போட்டுத் தருவினம். எங்கட மாமிக்கு இங்கிலிஷ் வராது, அவவும் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் கைப்பாசையில டேலியா கிழங்கு எப்பிடி மழைக்காலத்தில பாதுகாக்கிறது எண்டு கதைச்சதை நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான், வரேக்க ஒரு பையில கிழங்கும் குடுத்து விட்டவ.

ரிங்_ஃப்ரேம்:

ஏங்க, அப்பா ஸ்பின்னிங் மாஸ்டர்னு சொல்லிட்டு இன்னும் யாருமே கிராம்ஃபோர்டு சொல்லலையா? மாளிகை எல்லாம் அப்புறம், முதல்ல அவர அங்க கூட்டிட்டுப் போங்க. நாட்டிங்காம்ல இருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. 1771ல ரிச்சர்டு ஆர்க்ரைட் தண்ணி சக்தில வெற்றிகரமா ஓடின முதல் பருத்தி ஸ்பின்னிங் மில்ல அங்க தான் கட்டினாரு. நம்ம ஊர்ல இன்னைக்கு ஓடற ரிங் ஃப்ரேம்ங்கற நூல் நூக்கற மெஷினோட பாட்டன் முப்பாட்டன் அங்க ஓடின வாட்டர் ஃப்ரேம் தான், பல ஜோடி ரோலர வெவ்வேற வேகத்துல விட்டு பஞ்ச இழுத்து மெலிசாக்கற அதே டிராஃப்டிங் தத்துவம். அப்பாவுக்கு யாரும் விளக்கவே வேண்டியதில்ல.

அங்க தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு அவர் கண்டிப்பா கேப்பாரு, பதில் இதோ. பக்கத்து மலைல ஈயச் சுரங்கம் இருந்தது, சுரங்கத்துல ஊறற தண்ணிய வெளிய விடறதுக்கு பாறைக்குள்ள குடைஞ்ச வடிகால் ஒண்ணு கிராம்ஃபோர்டுல வந்து திறக்குது. பூமிக்குள்ள ஆழத்துல இருந்து வர்ற தண்ணிங்கறதால லேசான வெதுவெதுப்பு, குளிர்காலத்துல ஊரே உறைஞ்சு கெடந்தாலும் இந்தத் தண்ணி உறையாது, மில் நிக்காம ஓடும். ஆர்க்ரைட் அந்த ஊரத் தேடிப் போனதுக்கு இது ஒரு பெரிய காரணம். ரோட்டுப் பக்கம் இருக்கற சுவரப் பாருங்க, கீழ் மாடில வெளிப் பக்கமா ஜன்னலே கிடையாது, கோட்டைச் சுவர் தான். 1779ல லங்காஷயர் பக்கம் மெஷினால பொழப்பு போகுதுன்னு ஜனங்க மில்லுங்கள அடிச்சு நொறுக்கினாங்க, அந்த பயம் உண்டு.

மில்லுக்கு மேல கொஞ்ச தூரம் நடந்தா நார்த் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு, 1776ல தொழிலாளிங்களுக்குக் கட்டின வீடு. உச்சி மாடில மட்டும் நீள ஜன்னல் இருக்கும், ஏன்னா அப்பன் மேல தறி போட்டு நெய்வான், பொண்டாட்டி பிள்ளைங்க கீழ மில்லுல நூல் நூப்பாங்க. ஏழு வயசுப் பிள்ளைங்க வேலை செஞ்ச மில் அது, ராத்திரி ஷிஃப்ட் உட்பட. மில் காலனில பொறந்து வளந்தவங்களுக்கு அந்தத் தெருவுல நிக்கறப்ப என்ன தோணும்னு எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பொறந்தவன் தான். மேட்லாக் பாத்ல ஆரம்பிச்சு டெர்பி வரைக்கும் டெர்வென்ட் ஆத்தோரம் முழுக்க இப்படிப்பட்ட மில்லுங்க, 2001ல யுனெஸ்கோ பாரம்பரிய இடம்னு அறிவிச்சாங்க.

சாட்ஸ்வொர்த்துக்குப் போனா எம்பரர் ஃபவுண்டன் ஓடற நேரம் கேட்டுட்டுப் போங்க. 1844ல ரஷ்ய ஜார் வர்றாருன்னு ஜோசப் பேக்ஸ்டன் கட்டினது, ஆறே மாசத்துல. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. மேல மேட்டு நிலத்துல எட்டு ஏக்கர்ல ஒரு ஏரிய வெட்டி அங்கிருந்து பைப்ல எறக்கினாங்க, அந்த உயரத்தோட அழுத்தத்துலயே தண்ணி பீச்சி அடிக்கும், அந்தக் காலத்துல 296 அடி வரைக்கும் போனதா பதிவு இருக்கு. ஜார் கடைசி வரைக்கும் வரவே இல்ல. அப்பா அந்த ஏரி வரைக்கும் ஏறிப் பாக்கணும்னு அடம் பிடிப்பாரு, காட்டுப் பாதைல ஏத்தம் இருக்கு, ஷூ போட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

கோவைக்காரி_நாட்டிங்காம்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்! கிராம்ஃபோர்டு பேர் கூட நான் கேட்டதில்ல, அப்பாவுக்கு போன்ல சொன்னேன், ஆர்க்ரைட்டானு கத்திட்டாரு, டிப்ளமோ படிக்கறப்ப படிச்சதாமா. மஞ்சள் போஸ்டர் நானும் பாத்திருக்கேன், ஏதோ வீடு விக்கறாங்கன்னு நெனச்சு போயிட்டே இருந்தேன். லெஸ்டர் அண்ணா, கண்டிப்பா அம்மாவ அங்க கூட்டிட்டுப் போறேன்.

இன்னொரு சந்தேகம், கெடில்ஸ்டன்னு சொன்னீங்களே அது நம்ம நாட்டுல வைஸ்ராயா இருந்த கர்சன் பிரபு வீடு தானே? வீட்டுக்காரர் போலாம்னு சொல்றாரு, எனக்கு அங்க போய்க் காசு கொடுத்துப் பாக்கணுமான்னு ஒரு மாதிரி இருக்கு.

கருங்கல்:

அந்தத் தயக்கம் நியாயமானதுங்க, ஆனாலும் போங்கன்னு தான் நான் சொல்லுவேன், கண்ணத் திறந்து வச்சுட்டுப் போங்க.

வீடு 1759ல ஆரம்பிச்சது, கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் பேர் வாங்கினதே இந்த மாதிரி வேலைங்களால தான். உள்ள நுழைஞ்சதும் மார்பிள் ஹால், இருபது தூண், அந்த வட்டாரத்துல கிடைக்கற அலபாஸ்டர் கல்லுல, ரோமாபுரிக்குள்ள போன உணர்ச்சி வரணும்னு கட்டினது. கண்ணுக்கு மறைக்குதுன்னு பக்கத்துல இருந்த கிராமத்தையே வேற எடத்துக்கு மாத்திட்டாங்க, சர்ச் மட்டும் வீட்ட ஒட்டி தனியா நிக்குது. கல்கத்தால இருக்கற கவர்னர் மாளிகை, அன்னைக்கு கவர்ன்மெண்ட் ஹவுஸ், 1799ல இருந்து 1803க்குள்ள இந்த வீட்டப் பாத்து தான் கட்டினாங்க. அதனால 1899ல கர்சன் வைஸ்ராயா வந்து எறங்கினப்ப தான் பொறந்து வளந்த வீட்டோட சாயல்ல ஒரு அரண்மனைல தான் போய் உக்காந்தாரு. கிட்டத்தட்ட ஏழு வருஷம். 1905ல வங்காளத்த ரெண்டா வெட்டினது அவர் தான்.

கீழ ஈஸ்டர்ன் மியூசியம்னு ஒரு பகுதி, அவர் ஆசியா முழுக்க சேத்த பொருளெல்லாம் அங்க இருக்கு, பரிசா வந்தது, விலைக்கு வாங்கினதுன்னு எல்லாம் கலந்து கெடக்கும். நான் ரொம்ப நேரம் நின்னது அவர் மனைவி மேரி 1903 டெல்லி தர்பார்ல போட்ட மயில் கவுன் முன்னாடி. கவுன் முழுக்க ஜரிகைல மயில் தோகை, ஒவ்வொரு தோகைக் கண்ணுலயும் பச்சையா ஒண்ணு மின்னும், மரகதக் கல்லுன்னு தான் தோணும், கிட்டப் போய்ப் பாத்தா பொன்வண்டோட முதுகு ஓடு! சின்ன வயசுல தீப்பெட்டில வச்சு வளத்தோமே அதே பளபளப்பு, நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் மங்கல. துணிய ஜரிகை போட்டது டெல்லிப் பக்கத்துக் கைவினைஞர்கள், அத வெட்டித் தச்சது பாரிஸ்ல வொர்த்ங்கற கடை. கடை பேர் எல்லாருக்கும் தெரியும், ஜரிகை போட்டவங்க பேர் அந்த அளவுக்கு வெளிய தெரியல. நான் போறப்பல்லாம் அங்க இருக்கற வாலண்டியர்கிட்ட அவங்களப் பத்திக் கேப்பேன், எல்லாரும் கேக்கணும்னு நெனக்கறேன், கேக்கக் கேக்கத்தான் போர்டுல எழுதுவாங்க.

நேஷனல் டிரஸ்டே 2020ல ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, அவங்க கைல இருக்கற 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடயோ காலனி ஆட்சியோடயோ தொடர்பு இருக்குன்னு. அதுக்கு இங்க எவ்வளவு எதிர்ப்பு வந்ததுன்னு ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த ரிப்போர்ட் வந்ததுல சந்தோஷம், இந்த வீட்டப் பூராப் பாக்கணும்னா பணம் வந்த வழியும் பாக்கணும்.

அப்படியே தோட்டத்துப் பக்கம் வந்தா ஒரு விஷயம் அம்மாவுக்குக் காட்டுங்க. வீட்டு முன்னாடி புல்வெளி, அதுக்கு அப்பால ஆடு மேயுது, நடுவுல வேலி எதுவும் தெரியாது, ஆனா ஆடு இந்தப் பக்கம் வராது. நடந்து கிட்டப் போனா தான் பள்ளம் தெரியும், ஒரு பக்கம் செங்குத்தா சுவர், மறு பக்கம் சரிவு. ஹாஹான்னு பேர். ஜன்னல்ல இருந்து பாக்கறவங்களுக்கு உலகமே தன்னோட புல்வெளின்னு தோணும்.

நாள் இருந்தா, கொஞ்சம் தூரம் தான், ரெண்டு மணி நேரம் ஓட்டணும், காட்ஸ்வோல்ட்ஸ்ல செசின்கோட்னு ஒரு வீடு. கிழக்கிந்தியக் கம்பெனில சம்பாதிச்ச சார்லஸ் காக்கரெல்ங்கறவரு 1805 வாக்குல கட்டினது, தாமிர குவிமாடம், மொகலாய வளைவு, பாலத்து மேல நந்தி, சூரியனுக்கு ஒரு சின்னக் கோயில், எல்லாம் இங்கிலீஷ் புல்வெளிக்கு நடுவுல. அங்க தோட்டத்துக்கு யோசனை சொன்னவரு தாமஸ் டேனியல்ங்கற ஓவியர், அவரும் அவர் சகோதரர் மகனும் தான் 1792ல தெற்க வந்து தஞ்சைப் பெரிய கோயில், மதுரை புதுமண்டபம் எல்லாத்தையும் வரைஞ்சு பிரிண்ட் போட்டவங்க. நந்திய எங்க பாத்து மனசுல வச்சிருந்தாருன்னு யோசிச்சுட்டே அந்தப் பாலத்துல நின்னேன். அது தனியார் வீடு, வருஷம் முழுக்கத் திறந்திருக்காது, நாள் பாத்துட்டுக் கெளம்புங்க.

பேக்வெல்_பக்கத்துல:

கருங்கல் சொன்னது எல்லாத்துக்கும் ஒத்துக்கறேன், கூட ஒண்ணு சேக்கறேன். மாளிகை மட்டும் பாத்துட்டுப் போனா அந்தக் கிராமப்புறத்துல பாதி தான் பாத்த மாதிரி. சவுத்வெல்ல இருக்கற வேர்க்ஹவுஸ் நாட்டிங்காம்ல இருந்து அரை மணி நேரம். 1824ல கட்டினது, வழியில்லாதவங்க போய்ச் சேர்ற எடம். உள்ள போன உடனே புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைங்க ஒரு பக்கம்னு பிரிச்சிடுவாங்க, முற்றம் கூடத் தனித்தனி, ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாத மாதிரி சுவர். பத்து வருஷம் கழிச்சு 1834ல நாடு முழுக்கச் சட்டம் போட்டப்ப இதையே மாதிரியா எடுத்துக்கிட்டாங்க. ஹார்ட்விக் பாத்த அதே வாரத்துல இதையும் பாருங்க. சமையலுக்குப் போடற பிராம்லி ஆப்பிள் கூட சவுத்வெல் தான், 1809ல ஒரு சின்னப் பொண்ணு போட்ட விதைல இருந்து வந்தது, அத அம்மாகிட்ட சொல்லுங்க.

அப்புறம் கேல்க் அபி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதுக்குள்ள தங்க முலாம் எதிர்பாக்காதீங்க. ஹார்ப்பர் க்ரூன்னு ஒரு குடும்பம், யாரோடயும் ஒட்டாம தலைமுறை தலைமுறையா ஒதுங்கியே வாழ்ந்தாங்க, ஒருத்தர் தன் எஸ்டேட்டுக்குள்ள மோட்டார் காரே விட மாட்டேன்னுட்டார், மகள்களுக்கே கடுதாசி எழுதித் தான் பேசுவார். கரண்ட் வந்ததே 1962ல. ஒரு ரூம் நெறைஞ்சா கதவச் சாத்திட்டு அடுத்த ரூமுக்குப் போயிடறது தான் வழக்கம். கடைசில ஒரு வாரிசு செத்ததும் வாரிசு வரி கட்ட முடியாம 1985ல டிரஸ்ட் கைக்கு வந்தது, அவங்க எடுத்த முடிவு எனக்கு ரொம்ப மரியாதைக்குரியது, ஒழுகற கூரைய சரி பண்ணினாங்க, இடியற சுவரத் தாங்க வச்சாங்க, ஆனா பெயிண்ட் அடிக்கல, உரிஞ்ச வால்பேப்பர் உரிஞ்சபடியே இருக்கு. பெட்டிங்களத் திறந்து பாத்தப்ப சீனப் பட்டுத் திரை போட்ட ஒரு கட்டில், பதினெட்டாம் நூற்றாண்டுல வந்தது, மூட்டை கட்டினபடியே பிரிக்காம வச்சிருந்திருக்காங்க. வெயில் படாததால நேத்து சாயம் போட்ட நிறம், அந்தத் திரைல இருக்கற பூவும் பறவையும் பாக்கறதுக்காகவே போலாம். நேரம் போட்ட டிக்கெட் இருக்கலாம், காலைலயே போயிடுங்க.

அம்மாவுக்குப் படி வேண்டாம், சமதரையா வேணும்னா கிளம்பர் பார்க். அங்க மாளிகையே இல்ல, 1938ல இடிச்சுட்டாங்க, புல்வெளில அஸ்திவாரக் கோடு மட்டும். போன நூற்றாண்டுல வரி, போர்ல செத்த பிள்ளைங்க, வேலையாள் கிடைக்காததுன்னு இங்கிலாந்துல இப்படி இடிஞ்சு போன பெரிய வீடு ஆயிரத்துக்கு மேல. ஆனா கிளம்பர்ல சுவர் கட்டின காய்கறித் தோட்டமும் நீளமான கண்ணாடி வீடும் பொழச்சுக்கிச்சு, ரூபார்ப்லயே நூத்துக்கு மேல வகை வச்சிருக்காங்க, திராட்சைக் கொடி கண்ணாடிக்கு அடியில ஓடும். அம்மா அங்க இருந்து கெளம்ப மாட்டாங்க.

கோவைக்காரி_நாட்டிங்காம்:

அம்மாவுக்கு இத எல்லாம் படிச்சுக் காட்டினேங்க, ரூபார்ப்னா என்னன்னு இப்பவே கேக்கறாங்க. அப்போ சாட்ஸ்வொர்த் தோட்டத்துல அவங்களுக்குன்னு ஏதாவது இருக்குமா, இல்ல ஃபவுண்டன் அப்பாவுக்கு மட்டும் தானா?

ரிங்_ஃப்ரேம்:

ரூபார்ப்னா புளிப்பான தண்டுக்காக வளக்கற ஒரு செடிங்க. சாட்ஸ்வொர்த்ல அம்மாவுக்கும் இருக்குங்க, வாழை இருக்கு! எம்பரர் ஃபவுண்டன் கட்டின அதே பேக்ஸ்டன் அங்க தலைமைத் தோட்டக்காரரு, 1826ல 22 வயசுல வேலைக்குச் சேந்தவரு. மொரிஷியஸ் வழியா வந்த ஒரு குட்டை வாழைக் கன்ன வாங்கிக் கண்ணாடி வீட்டுல வச்சு, சூடு குறையாமப் பாத்துப் பாத்து வளத்து 1835ல பூ விட வச்சாரு, எஜமான் ஆறாவது டியூக் வில்லியம் கேவண்டிஷ் பேர அதுக்கு வச்சாங்க. இன்னைக்கு உலகம் பூரா கடைல விக்கற கேவண்டிஷ் வாழை அந்தப் பேர் தான், நம்ம ஊர்ல ரோபஸ்டா, ஜி9னு விக்கறதும் அந்த இனம் தான். டெர்பிஷயர் குளிர்ல வாழை தார் தள்ளினத நெனச்சுப் பாருங்க. கண்ணாடி வீட்டுல இன்னமும் வாழை வளக்கறாங்க, அது திறந்திருக்கான்னு உள்ள போறப்பவே கேட்டுக்குங்க. பேக்ஸ்டன் அங்க கட்டின பெரிய கண்ணாடி மாளிகை முதல் உலகப் போருக்கப்புறம் இடிச்சாச்சு, சுவர் அடி மட்டும் நிக்குது, ஆனா அந்த அனுபவத்துல தான் 1851 லண்டன் கண்காட்சிக்கான கிரிஸ்டல் பேலஸுக்கு வரைபடம் போட்டாரு. அவர் சமாதி பக்கத்துல ஈடன்சர் கிராமத்துச் சர்ச்ல இருக்கு. அந்தக் கிராமத்துலயும் ஒரு நடை போங்க, ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது, அவரும் டியூக்கும் ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு பாணில கட்டினாங்க.

லெஸ்டர்_யாழ்:

கடைசியா ஒரு விசயம் தங்கச்சி. எல்லா இடத்திலயும் தோட்டம் ஒரு நேரம் திறக்கும், வீடு அதுக்குப் பிறகு தான் திறக்கும், சில நாளில வீடு பூட்டு, பின்னேரம் கடைசி என்ட்ரி எண்டு ஒரு நேரம் வைச்சிருப்பினம், அதுக்குப் பிறகு போனால் கதவில நிப்பாட்டிப் போடுவினம். ஜூனில ஒன்பதரை மட்டும் வெளிச்சம் இருக்கு எண்டு நம்பி மெதுவா வெளிக்கிடாதேங்கோ. அம்மாவுக்கு வீல்செயர் வேணும் எண்டால் முதல் நாளே ஃபோன் பண்ணிச் சொல்லி வையுங்கோ, கனக்க இடத்தில இலவசமாத் தருவினம், பெரிய பார்க் எண்டால் கார் பார்க்கில இருந்து ஏத்திக்கொண்டு போற சின்ன பக்கி வண்டியும் ஓடும். ஹார்ட்விக்குக்குப் போற நாளில மழை எண்டால் போங்கோ, மழை எண்டால் சனம் குறைவு, மேல கேலரி ஜன்னலால மழை வாறதைப் பார்க்க வடிவா இருக்கும். தோட்டத்தை மட்டும் வெயில் நாளுக்கு வைச்சிருங்கோ.